கல்மண்டபத்தில் திரும்பாத வண்டி

காலை 5.10. மாமல்லபுரத்தில் மூன்று நாள் தங்கியிருந்த தென்னந்தோப்பிலிருந்து எங்கள் கேரவனைக் கிளப்பினேன். தோப்புக்காரர் ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். குழாயில் நல்ல தண்ணீர் வந்தது, கழிவறையும் சுத்தமாக இருந்தது. தோப்பிலிருந்து சாலைக்கு ஏற ஒரே ஒரு வலது திருப்பம். ஸ்டீயரிங்கைச் சுற்றினால் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பானட்டுக்குள்ளிருந்து ‘ங்ங்ங்’ என்று ஒரு முனகல் வேறு. இரண்டு கையாலும் தொங்கித்தான் வண்டியைச் சாலைக்கு ஏற்றினேன்.

“என்ன சத்தம் அது?” என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த என் கணவர்.

“ஒண்ணுமில்லைங்க, பனி” என்றேன். மாமல்லபுரத்தில் பனி! வாய்க்கு வந்ததைச் சொன்னேன், வேறென்ன.

கேரவன் என்றதும் நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் ஏ.சி. வண்டியை நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது இருபது வருடப் பழைய டூரிஸ்ட் வேன். பஞ்சு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர், பதினொரு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து அதை வீடாக்கினார். ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, நூறு லிட்டர் தண்ணீர் டாங்க். திருச்சியிலிருந்து கிளம்பிக் கொங்கணக் கரை வரைக்கும் ஒரு முறை போய் வந்தோம். அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது, இடது கால் சற்று இழுக்கும். ஐம்பத்தாறு வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பெண்கள் பள்ளி ஆய்வகத்தில் முப்பது வருடம் கண்ணாடிக் குழாய் கழுவிய கை இது. மூன்று டன் வண்டியைத் திருப்ப இந்தக் கை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வண்டியில் அவருக்கென்று மிச்சமிருப்பது ஒரே வேலை. தினமும் காலையில் பானட்டைத் திறந்து எஞ்சின் ஆயில், தண்ணீர், பெல்ட், ஸ்டீயரிங் ஆயில் எல்லாவற்றையும் வலது கையாலேயே பார்த்துவிடுவார். குறைந்திருந்தால் ஊற்றுவார். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் போனால்கூட அவருக்குப் பிடிக்காது. அந்த அரைமணி நேரம் அவர் பழைய மனிதராக இருப்பார், அது எனக்குப் போதும்.

ஆனால் மகன் கறாராகச் சொல்லிவிட்டான். போன வருடம் சேலம் பக்கத்தில் ரேடியேட்டர் ஒழுகி நடுரோட்டில் ஆறு மணி நேரம் நின்றோம். “இன்னொரு தடவை இப்படி நின்னீங்கன்னா வண்டியை வித்துடறோம், அவ்வளவுதான்” என்றான். அதனால்தான் மரக்காணம் தாண்டி ஸ்டீயரிங் முதல் முறையாக இறுகியபோது நான் வாயைத் திறக்கவில்லை. என் தோள்பட்டைதான் வலுவிழந்துவிட்டது என்று நினைத்து, ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டேன். தைலத்துக்கு ஸ்டீயரிங் மசியுமா?

காலை 6.50. கடற்கரைச் சாலையைத் தாண்டி ராஜாஜி சாலைக்கு வந்தோம். இதுவரை அறுபது கிலோமீட்டர். அன்று பழவேற்காட்டில் ஏரிக்கரையில் தங்கி, அங்கிருந்து ஆந்திரக் கரையோரமாகப் பூரி வரைக்கும் போவதாகத் திட்டம். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் சாதுவாக இருந்தது. துறைமுகச் சுவரை ஒட்டியே போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் ‘நேராகப் போகிற வழியாக இருக்க வேண்டும்’ என்று வேண்டிக்கொண்டேன். திருப்பம் இல்லாத ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது?

காலை 7.15. ராயபுரம் கல்மண்டபம். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் ஆட்டோக்கள், தலையில் அன்னக்கூடையோடு பெண்கள், சொட்டச் சொட்ட ஐஸ் வண்டி, பின்னால் துறைமுகத்துக் கன்டெய்னர் டிரைலர். அத்தனைக்கும் நடுவில் வலது பக்கம் திரும்ப வேண்டும். பாதி திருப்பத்தில் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. முனகல் ஊளையாக மாறியது. வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றது. நான் எழுந்து நின்று இழுத்தேன், அசையவில்லை. நாலு பக்கமும் ஹாரன் அலறியது.

டிரைலர் ஓட்டுநர் இறங்கி வந்து கதவைத் தட்டினார். “இன்னா மேடம், ரோட்ட மறிச்சிகினு ஷூட்டிங்கா? உள்ள எந்த ஹீரோ கீறாரு?”

“ஹீரோ இல்லைங்க, என் வீட்டுக்காரர். ஸ்டீயரிங் திரும்ப மாட்டேங்குது” என்றேன்.

அவர் உள்ளே எட்டி என் கணவரையும் மடியில் கிடந்த கையையும் பார்த்தார். அதற்கப்புறம் கிண்டல் இல்லை. “நவுரு, நான் பாக்குறேன்” என்று ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்துச் சுற்றி வண்டியை ஓரம் கட்டினார். “பவர் ஸ்டீயரிங்கு போய்கினு கீதும்மா. தண்டையார்பேட்டைல சேவியர் அண்ணன்னு ஒர்த்தர் கீறாரு. எங்க டிரைலருக்கெல்லாம் அவருதான் வைத்தியரு. ஹார்பர் கேட்டாண்ட க்யூல நாள் முச்சூடும் நின்ன எடத்துலயே திருப்பி திருப்பி எங்க ஸ்டீயரிங்கு சாவும், அவருதான் உசுரு குடுப்பாரு. நேரா போ, ரெண்டே திருப்பந்தான்.”

காலை 7.55. அந்த இரண்டு திருப்பத்தையும் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். சேவியரின் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. ஒட்டினாற்போல ஒரு டீக்கடை, அதை நடத்துவது தேவி அக்கா. இரண்டு லாரி ஓட்டுநர்கள் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சேவியருக்கு ஐம்பது தாண்டியிருக்கும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. ஸ்பானரைத் தொடாமல் முதலில் கேள்விதான் கேட்டார்.

“காலைல மொத திருப்புலயே இறுகுதா, இல்ல வண்டி சூடானப்பாலயா?”

“மொதல் திருப்பத்துலயே.”

“எத்தினி நாளா?”

என் கணவர் பக்கத்தில் இருந்தார். நான் மென்று விழுங்கினேன். “நாலு நாளா” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சேவியர் முன் டயர் இரண்டிலும் காற்று பார்த்தார், சரியாக இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைச் சுற்றினார். தடையில்லாமல் போய் வந்தது. “கீழ ராடு, ஜாயிண்டு எல்லாம் சோக்கா கீது. நோவு ஆயில் பக்கந்தான்.” பெல்ட்டை விரலால் அழுத்தினார், அதுவும் முறுக்காகவே இருந்தது. பிறகு எஞ்சினை ஒட்டியிருந்த ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். உள்ளே மோர் கடைந்த மாதிரி நுரை.

“எப்ப ஆயில் ஊத்தினீங்கோ?”

“போன வியாழக்கிழமை, பாண்டிச்சேரியில. லெவல் கொறஞ்சிருந்துச்சு, அரை லிட்டர் ஊத்தினேன்” என்றார் என் கணவர். நிமிர்ந்து நின்றுதான் சொன்னார்.

சேவியர் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். “யம்மா, ஒரு டம்ளர்ல தண்ணி குடு.” வண்டியிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் கொண்டு வந்தேன். ஸ்டீயரிங் டப்பாவிலிருந்து நாலு சொட்டு விட்டார். சிவப்பாகக் கொஞ்சம் மேலே மிதந்தது. மீதி, தண்ணீரோடு தண்ணீராகக் கலங்கிப்போனது. முப்பது வருடம் ஆய்வகத்தில் இருந்தவளுக்கு அவர் விளக்கவே வேண்டியதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

“எண்ணெயின்னா மெதக்கணும். இது கரையுது பாரு. பிரேக் ஆயில ஊத்திகீறீங்கோ. உள்ள ரப்பரெல்லாம் ஊறி உப்பிப் பூடும்.”

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. நாலு நாள் பயம், கல்மண்டபத்து ஹாரன், தோள் வலி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாயில் வந்து நின்றது.

“உங்களுக்கு என்ன கண்ணா தெரியல? எந்த டப்பான்னு பாத்து ஊத்தத் தெரியாதா? இன்னைக்கு அந்த டிரைலர் மேல மோதியிருந்தா ரெண்டு பேரும் போய்ச் சேந்திருப்போம்! இதுக்குத்தான் பையன் வண்டியை வித்துடுன்னான். நான்தான் உங்களுக்காக வக்காலத்து வாங்கினேன், என்னைச் சொல்லணும்!”

பெஞ்சிலிருந்த ஓட்டுநர்கள் டீ கிளாஸையே பார்த்தார்கள். என் கணவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வண்டிப் படியில் வைத்தார். “சரி கமலா. ஊருக்குப் போனதும் வித்துடலாம். இனிமே நான் எதையும் தொடல” என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“வுடுமா, இருவது வருசம் டிரைலர் ஓட்டுறவனே மாத்தி ஊத்திகினு வர்றான்” என்றார் சேவியர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஆனா ஒண்ணு. இனிமேட்டு ஆயில் வேலைய நீயே பாத்துக்கோ. நைனா கையில குடுக்காத” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

காலை 9.20. “அவரு ஊத்தின டப்பாவ எட்து வா, எவ்ளோ ஊத்திகீறாருன்னு பாக்கலாம்” என்றார் சேவியர். வண்டிக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தேன். ஸ்டீயரிங் ஆயில் டப்பா இருந்தது. பிரேக் ஆயில் பாட்டிலைக் காணோம். டப்பாவின் மூடியைத் திறந்தேன். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டியது வெளிர் மஞ்சளாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் பிரேக் ஆயில் பாட்டிலின் மூடி விண்டு, அரிசி டின் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் ஆயில் தீர்ந்து, கழுவிக் கவிழ்த்த காலி டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதில் ஊற்றி மூடி வைத்தேன். மேலே எழுதி ஒட்டலாம் என்று பேனாவைத் தேடியபோது குக்கர் விசில் வந்தது. அவ்வளவுதான், அதோடு மறந்தேன்.

நம் வீடுகளில் எந்த டப்பாவில் அதன் பெயருக்குரிய பொருள் இருக்கிறது? என் சமையலறையில் சத்துமாவு பாட்டிலில் துவரம்பருப்பு, ஐஸ்கிரீம் டப்பாவில் கறிவேப்பிலை, பிஸ்கட் டின்னில் ஊசி நூல். எனக்குத் தெரியும், அதனால் உலகத்துக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு. இத்தனைக்கும் ஆய்வகத்தில் பெயர் ஒட்டாத பாட்டிலைக் கண்டால் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தவள் நான். என் புத்தியை எதால் அடிப்பது?

உடனே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். டப்பாவை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டு இறங்கி, “கிடைக்கலைங்க, தூக்கிப் போட்டுட்டார் போல” என்றேன். கூசாமல் சொன்னேன். சொன்னதும் கூசியது.

பகல் 12.30. சேவியர் பழைய ஆயிலை வடித்து, புது ஆயில் விட்டு மூன்று முறை அலசினார். டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஓஸைக் கழற்றிக் காட்டினார். ஊறிய வடை போல அமுங்கியது. “இது உள்ள ஒட்டிக்கிச்சி. பம்ப்புக்கு ஆயிலு போவல, அதான் கத்துச்சி.” ஓஸ், பம்ப்பு சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய். நான் பயந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் என் பயம் அதற்குள் இடம் மாறிவிட்டிருந்தது.

தேவி அக்கா கடையில் இட்லி வடகறி ஒரு தட்டு ஐம்பது ரூபாய். என் கணவர் ஒரு இட்லியோடு கையைக் கழுவிவிட்டார். மற்ற நாளாக இருந்தால் எந்தப் பட்டறைக்குப் போனாலும் மெக்கானிக்கின் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்து நூறு கேள்வி கேட்பார், நான்தான் இழுத்து உட்கார வைப்பேன். அன்று நாலரை மணி நேரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பேன், யாராவது டீ வாங்க வருவார்கள், மூடிக்கொள்வேன். அப்படியே பொழுது போனது.

பிற்பகல் 2.20. எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஆயிலில் இருக்கும் காற்று வெளியேற, முன் சக்கரங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டுமாம். நான் ஏறப் போனேன்.

“நீ வாணாம். நீ ரெண்டு கையால தொங்கிப் பழகிட்ட” என்றார் சேவியர். “ஒத்தக் கையால திருப்பி வந்தாத்தான் நான் வண்டிய வெளிய வுடுவேன். நைனா, நீ ஏறு.”

“நான் தொடமாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“அட, ஏறி குந்து நைனா. என் வேலைய நான் எப்டி செக் பண்றது?”

அவர் தயங்கித் தயங்கி ஏறினார். நோய்க்குப் பிறகு ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்காருவது அதுதான் முதல் முறை. வலது கையை மட்டும் வைத்து இடது பக்கம் முழுக்கத் திருப்பினார், பிறகு வலது பக்கம். சேவியர் டார்ச் அடித்து ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொண்டே, “வருது, குமிழி வருது, இன்னும் திருப்பு” என்றார். இருபது, இருபத்தைந்து முறை திருப்பியிருப்பார். பிறகு சக்கரத்தைத் தரையில் இறக்கி, எஞ்சினைப் போட்டு மறுபடி திருப்பச் சொன்னார். முனகல் இல்லை. ஒற்றைக் கைக்கே லேசாக வந்தது. இறங்கி வந்த அவர் முகத்தில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. செய்யச் சொன்னார்கள், செய்தேன் என்பது போல் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பிற்பகல் 3.05. எண்ணூர் விரைவுச் சாலை. வலது பக்கம் கருங்கல் தடுப்புக்கு அந்தப் புறம் கடல், இடது பக்கம் கன்டெய்னர் டிரைலர்களின் வரிசை. வரிசையில் நின்ற ஓட்டுநர் ஒருவர் வண்டியின் நிழலிலேயே ஸ்டவ் பற்ற வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டுக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். ஸ்டீயரிங் என் விரலுக்குக் கட்டுப்பட்டது. திருவொற்றியூர் தாண்டியும் இருவரும் பேசவில்லை. இப்படியே பூரி வரைக்கும் போய்விட முடியும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் எனக்குப் பெரிய பயமாகிவிட்டது.

எர்ணாவூர் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினேன்.

“என்ன, மறுபடியும் இறுகுதா?”

“இல்லைங்க. அந்த டப்பாவுல பிரேக் ஆயிலை ஊத்தி வெச்சது நான்தான். பாட்டில் மூடி விண்டுபோச்சு. எழுதி ஒட்ட மறந்துட்டேன். ஒன்பதரை மணிக்கே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் கடலைப் பார்த்தார்.

“நெறம் வெளுப்பாத்தான் இருந்துச்சு” என்றார். “டப்பா தீந்துபோச்சு, வாங்கணும்னு உங்கிட்ட சொல்லியிருந்தேன். நெறைஞ்சு இருந்ததும் நீ வாங்கி வெச்சுட்டேன்னு நெனச்சேன். புது கம்பெனி ஆயில் போல, நெறம் மாத்திட்டான்னு நெனச்சேன். நீ எடுத்து வெச்சா சரியாத்தானே இருக்கும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “மன்னிச்சிடுங்க” என்றேன்.

“எங்கிட்ட சொல்லிட்டே, சரி. அங்க நாலு பேர் முன்னாடி கத்தினியே. அந்த மனுஷன் என்னைப் பத்தி என்ன நெனச்சிக்கிட்டிருப்பான்?”

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், டிரைலர் எதுவும் வரவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை வந்த வழியே திருப்பினேன்.

பிற்பகல் 3.55. எங்களைப் பார்த்ததும் சேவியர் ஓடி வந்தார். “இன்னா, திரும்ப மக்கர் பண்ணுதா?”

“வண்டி நல்லா இருக்குங்க” என்று இறங்கினேன். தேவி அக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இப்போது வேறு மூன்று ஓட்டுநர்கள். அவர்களும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “காலைல நான் இவரைத் திட்டினேன். இவர் மேல தப்பே இல்லை. ஸ்டீயரிங் ஆயில் டப்பாவுல பிரேக் ஆயிலை மாத்தி ஊத்தி வெச்சது நான். டப்பா கிடைக்கலைன்னு உங்ககிட்ட சொன்னதும் பொய்.”

“மெய்யாலுமா?” என்றார் சேவியர். கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். “இத்த சொல்றதுக்கா அவ்ளோ தூரத்துலேந்து திரும்பி வந்தே?”

“எங்க வூட்லயும் உப்பு டப்பாலதான் சக்கர கீது” என்றார் தேவி அக்கா. பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

சேவியர் வண்டியைப் பார்த்துக் கத்தினார். “நைனா! உன் மேல ஒரு தப்பும் இல்லியாம்பா!”

ஜன்னல் கண்ணாடி இறங்கியது. “அது இருக்கட்டும்” என்றார் என் கணவர். “ஸ்டீயரிங் ஆயில் ஒரு லிட்டர் வேணும். சீல் உடைக்காத டப்பாவா குடுங்க.”

சேவியர் உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, “யாராண்ட குடுக்கணும்?” என்று கேட்டார்.

“என் கையில” என்று வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார் அவர்.